வையாமல் வேலை வாங்க முடியாதா?

2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது. உளுந்தும் மக்காச்சோளமும் மிளகாயும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக்கு அது பெரிய செய்தி. எத்தனை பேருக்கு வேலை, என்ன சம்பளம், உள்ளூர்க்காரர்களுக்கு எவ்வளவு இடம் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. நியாயமான பேச்சுதான். ஆனால், புதிதாக ஆலை வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளிடம் மேலே இருப்பவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சம்பளம், ஷிப்ட், லீவு போல அதுவும் வேலையின் நிபந்தனைதான்.

அந்த ஆலையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கரிசல் பூமிக்கு ஆலை வேலை புதிதும் இல்லை. கோவில்பட்டியில் பஞ்சாலைச் சங்குக்கு எழுந்து ஓடியவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று வேலை தேடுகிறார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேன் காலையிலேயே கிராமத்துக்குள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போவது இங்கே அன்றாடக் காட்சி. ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்துப் புதியம்புத்தூர், ஆயத்த ஆடைத் தொழிலால் ‘குட்டித் திருப்பூர்’ என்று பேர் வாங்கிய ஊர்.

இந்த இடங்களில் எல்லாம் பொதுவாகக் காதில் விழும் சில பேச்சுகள் உண்டு. “வேலைக்கு வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?” “சோத்தத்தான திங்க?” “ஒன்னய வச்சு மாரடிக்க முடியல.” “இஷ்டமிருந்தா இரு, இல்லேன்னா கெளம்பு.” கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் இதை வசவு என்றே பலர் எடுத்துக்கொள்வதில்லை. ‘சத்தம் போடுகிறார்’ என்பதோடு முடித்துக்கொள்வார்கள். நாலு சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்பது முதலாளி முதல் மேஸ்திரி வரை எல்லோருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறு, தொழிலுக்கே நஷ்டம்.

சத்தம் போட்டால் என்ன நடக்கிறது?

மரியாதை, மனிதத்தன்மை எல்லாம் பிறகு பேசுவோம். முதலில் வரவு செலவைப் பார்ப்போம்.

ஒரு தையல் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண். நைட்டிக்குக் கழுத்துப் பட்டி கோணலாக வருகிறது. சூப்பர்வைசர் அந்தப் பீஸைத் தூக்கி மேஜையில் எறிந்து, பத்துப் பேர் பார்க்கச் சத்தம் போடுகிறார். இதனால் கழுத்துப் பட்டி நேராகிவிடப் போவதில்லை. துணியை இழுத்துப் பிடித்ததால் கோணியதா, நூல் இறுகியதால் கோணியதா என்று அவர் சொல்லவே இல்லையே. அந்தப் பெண் அன்று கற்றுக்கொண்டது வேறு ஒரு பாடம்: கோணல் பீஸைக் கட்டுக்கு நடுவில் சொருகிவிட வேண்டும். செக்கிங்கில் அது அகப்படும்போது அதே கோணலோடு இன்னும் பல பீஸ்கள் ஓடியிருக்கும். நூலும் போச்சு, நேரமும் போச்சு.

தீப்பெட்டி ஆபீஸில் இதன் விலை இன்னும் அதிகம். குச்சி முனையில் இருக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட், பெட்டி ஓரத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். உரசினால் பற்ற வேண்டும் என்றுதான் அவற்றைச் செய்கிறோம். மெஷின் வழக்கத்தைவிடச் சூடாவதையும், மருந்து சிந்திக் கிடப்பதையும், குச்சி அடுக்கியதில் ஏதோ சிக்குவதையும் முதலில் பார்ப்பவர் அங்கே நிற்கிற தொழிலாளிதான். போன வாரம் மெஷினை நிறுத்தச் சொன்னதற்காக வசவு வாங்கியவர், இந்த வாரம் வாயைத் திறக்க யோசிப்பார். தீ அந்த யோசனைக்காகக் காத்திருக்காது.

கார் தொழிலில் பேர்போன டொயோட்டா ஆலைகளில் ஒரு கயிறு தொங்கும். வண்டி பூட்டும் வரிசையில் நிற்கிற எந்தத் தொழிலாளியும் கோளாறு தெரிந்தால் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே அங்கே வர வேண்டும். சொன்ன நேரத்துக்குள் கோளாறு தீராவிட்டால் வரிசை நிற்கும். உலகம் முழுவதும் ஆலைகள் அந்த ஏற்பாட்டைப் பார்த்து வாங்கிக்கொண்டன. கயிற்றைக் கட்டிவிடுவது சுலபம். ‘எவன்டா இழுத்தவன்?’ என்ற குரலோடு குழுத் தலைவர் வந்தால், அந்தக் கயிற்றை இரண்டாவது முறை யாரும் தொட மாட்டார்கள்.

அடுத்தது, ஆள் நிற்காத பிரச்சினை. சம்பளம் வாங்கிய மறுநாள் ஆளைக் காணோம் என்பது இந்த வட்டாரத்து முதலாளிகளின் நிரந்தரப் புலம்பல். நூறு நாள் வேலை வந்து ஆட்கள் கெட்டார்கள், செல்போன் வந்து பிள்ளைகள் கெட்டார்கள் என்று காரணம் அடுக்குவார்கள். நின்றுபோனவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி, ‘ஏன் வரல?’ என்று கேட்பவர் குறைவு. கேட்டால், கூலிக்கு அடுத்தபடியாக வருகிற பதில் பெரும்பாலும் ஒரு மனிதரின் பெயராக இருக்கும்.

தவறைச் சொல்லித் திருத்துவது பற்றி 1996-இல் அவ்ராம் குளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பெரிய தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். அதுவரை நடந்த ஆய்வுகளிலிருந்து 600-க்கும் மேற்பட்ட முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பலன் இருந்தது உண்மை. ஆனால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேரங்களில், கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின்மேல் திரும்பத் திரும்பப் பலன் குறைந்தது. ‘தையல் இழுக்கிறது’ என்றால் கவனம் தையலுக்குப் போகும். ‘உனக்கு அறிவிருக்கா?’ என்றால் கவனம் தன்மானத்துக்குப் போய்விடும். ‘நீ கெட்டிக்காரி’ என்கிற பாராட்டுக்கும் இதே கதிதான் என்பது அந்த ஆய்வில் பலர் கவனிக்காமல் விடும் பகுதி.

பாசத்தில் திட்டுவதா?

‘நம்ம ஊர்ப் பேச்சே அப்படித்தான். கரிசக்காட்டுக்காரன் பாசத்தையும் வஞ்சுதான் காட்டுவான்’ என்று ஒரு சமாதானம் உண்டு. பாதி உண்மை. களையெடுக்கப் போகிற பெண்கள் ஒருவரை ஒருவர் கேலியும் வசவுமாகப் பேசிக்கொண்டே நிரையைக் கடப்பார்கள். மதினிகள் வைது கொள்ளாத ஊர் இங்கே கிடையாது.

பாசத்தில் வந்த வசவா, அதிகாரத்தில் வந்த வசவா என்று பார்க்க ஒரு கேள்வி போதும். அதே சொல்லை அந்தப் பெண் திருப்பிச் சொல்ல முடியுமா? மதினியிடம் முடியும். சூப்பர்வைசரிடம் சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. அப்படியானால் அது பாசம் இல்லை.

இதில் சாதியும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. கடைத்தெருவில் ஐம்பது வயதுப் பெண்ணைப் ‘பெரியம்மா’ என்கிற இளைஞர், ஷெட்டுக்குள் வந்ததும் ‘ஏ, இங்க வா’ என்கிறார். ஒருவருக்கு ‘அண்ணாச்சி’, அதே வயதில் அதே வேலை பார்க்கிற இன்னொருவருக்கு வெறும் பெயர், அதுவும் ஒருமையில். யாருக்கு எது என்பதை வேலைத் திறமை முடிவு செய்வதில்லை. எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதே பல இடங்களில் முடிவு செய்கிறது. 1995-இல் கொடியங்குளத்தில் தலித் மக்களின் வீடுகளுக்குள் போலீஸ் புகுந்து தாக்கியதைப் பார்த்த வட்டாரம் இது. மூன்று தலைமுறைக்கு முன் பண்ணையில் கேட்ட அதே ஒருமையை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டும் கேட்க வேண்டியிருந்தால், அந்தப் பிள்ளைக்கு ஆலை என்ன புது உலகம்?

பெண்களின் நிலையும் சேர்ந்தது. 2019-20 தொழிலகக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பதிவுபெற்ற ஆலைகளில் வேலைபார்க்கும் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். நாம் பெருமையோடு சொல்கிற கணக்கு அது. அவர்களுக்கு மேலே நிற்கிறவர்களில் ஆண்களே அதிகம். ‘வீட்டுல சொல்லிட்டு வந்தியா?’, ‘அலங்காரத்துக்குக் கொறச்சல் இல்ல’ என்று வேலைக்குச் சம்பந்தமில்லாத இடத்துக்குப் போகிற பேச்சை ஆண் தொழிலாளி கேட்க வேண்டியதில்லை. பெண் தினமும் கேட்கிறாள். வீட்டுக்குப் போய்ச் சொல்லவும் முடியாது. சொன்னால், மறுநாளிலிருந்து வேலைக்குப் போக வேண்டாம் என்று வீடு தீர்ப்புச் சொல்லிவிடும்.

சட்டம் எட்டாத இடம்

சட்டம் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். பாலியல் தன்மையுள்ள பேச்சுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும். சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு இருக்க வேண்டும். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிறர் அறியச் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும்.

ஆனால், அன்றாடம் விழுகிற ‘சோத்தத்தான திங்க?’ இரண்டிலும் அடங்காது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது. வேலை தொடர்பாக மேலதிகாரி கடிந்துகொண்டதை மட்டும் வைத்து, வேண்டுமென்றே அவமதித்த குற்றமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது என்றது. அப்படி எடுத்தால் பணியிட ஒழுங்கே நடக்காது என்பது நீதிபதிகள் காட்டிய காரணம். சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு கோபப் பேச்சுக்கும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க முடியாது.

பணியிட வன்முறையும் துன்புறுத்தலும் கூடாது என்கிற 190-ஆவது உடன்படிக்கையை 2019-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஏற்றுக்கொண்டது. மனத்தைப் பாதிக்கும் நடத்தையையும் அது கணக்கில் எடுக்கிறது. இந்தியா அதை இன்னும் உறுதிசெய்யவில்லை. ஆகவே, குற்றம் என்ற எல்லைக்கு இந்தப் பக்கம் நடக்கிற பேச்சைச் சரிசெய்வது நிர்வாகத்தின் பொறுப்பு. போலீஸும் நீதிமன்றமும் அதைச் செய்து தரப் போவதில்லை.

வ.உ.சி. இரண்டையும் செய்தார்

ஓட்டப்பிடாரத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் வ.உ.சி.யிடம் வராமல் முடியாது. 1872 செப்டம்பர் 5 அன்று இங்கே பிறந்து, இங்கேயே வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கியவர். சிலைக்கு மாலை போடுகிற நாளில் கப்பலையும் செக்கையும் பற்றிப் பேசுவோம். அவர் தொழிலாளர்களோடு நின்ற சரித்திரத்தைச் சற்று மெதுவாகத்தான் சொல்வோம்.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வெள்ளைக்காரர் ஹார்வியின் ஆலை. கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரம் ஆகியவைதான் கோரிக்கை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் கூட்டம் போட்டுத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். ஊர்க்காரர்கள் சோறு போட்டார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ஊரில் இருந்த மற்ற ஐரோப்பிய நிறுவனங்களின் தொழிலாளர்களுக்கும் அதனால் பலன் கிடைத்தது. அடுத்த வாரமே, மார்ச் 12-இல், வ.உ.சி. கைதானார்.

சங்கம் என்கிற ஏற்பாடே சரியாக உருவாகாத காலம் அது. சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது 1918 ஏப்ரலில். கோரல் மில் தொழிலாளர்களிடம் சேமிப்பும் கிடையாது, சட்டப் பாதுகாப்பும் கிடையாது. அவர்களை ஒன்பது நாள் கலையாமல் நிற்கவைத்தது என்ன? ஊரார் போட்ட சோறு ஒன்று. உங்களால் முடியும் என்று படித்த மனிதர் ஒருவர் எதிரே நின்று சொன்னது இன்னொன்று. மில்லுக்குள் ஏவலை மட்டுமே கேட்டவர்கள், மில்லுக்கு வெளியே முதல் முறையாகத் தங்களிடம் பேசப்படுவதைக் கேட்டார்கள்.

இதே வ.உ.சி. சிறைவாழ்க்கையின்போது ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று மொழிபெயர்த்தார். எண்ணம் போலத்தான் வாழ்வு அமையும் என்று சொல்கிற நூல். இன்று விமான நிலையக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் தன்னம்பிக்கைப் புத்தகங்களுக்கெல்லாம் பாட்டன் அது. தமிழில் அந்த வகைக்கு வாசல் திறந்தவர்களில் ஒருவர், கோவைச் சிறையில் செக்கிழுத்த ஓட்டப்பிடாரத்துக்காரர். மேலாண்மை வகுப்பெடுப்பவர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் கூலிக்காக நின்றார். மனத்தைப் பற்றிய நூல் அதற்குப் பிறகு வந்தது. ‘நல்லதை நினையுங்கள், எல்லாம் சரியாகும்’ என்று கோரல் மில் தொழிலாளர்களிடம் அவர் புத்தகத்தை நீட்டவில்லை.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஊக்கமூட்டும் பேச்சு என்று சொன்னதும் சில நிர்வாகங்களுக்கு உற்சாகம் வந்துவிடும். செலவில்லாத விஷயம் பாருங்கள். ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று மைக்கில் சொல்லலாம், மாதம் ஒருவருக்குச் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்து மாட்டலாம். தீபாவளி போனஸ் பேச்சு வரும்போது குடும்பம் காணாமல் போய்விடும். பி.எஃப். பிடித்ததைக் கட்டாத இடத்தில், ஓவர்டைம் கணக்கைக் குறைத்து எழுதுகிற இடத்தில் இனிமையாகப் பேசுவது, வசவைவிட மோசம். வசவில் ஏமாற்று இல்லை. தொழிலாளிக்கு இந்த வித்தியாசம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

சூப்பர்வைசரை யார் வைகிறார்கள்?

இவ்வளவும் சொல்லிவிட்டு, பழியை எல்லாம் சூப்பர்வைசர் தலையில் போட்டுவிட்டுப் போவது அநியாயம். அவர் யார்? நேற்றுவரை அதே மெஷினில் உட்கார்ந்திருந்தவர். நன்றாகத் தைத்தார், சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள், டார்கெட் ஷீட் கொடுத்தார்கள். ஆட்களிடம் எப்படிப் பேசுவது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. தன்னை வைதவரைப் பார்த்து அவர் கற்றுக்கொண்டார்.

அவருக்கு மேலே மேனேஜர். மேனேஜருக்கு மேலே முதலாளி. முதலாளிக்கு மேலே, தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது ஆர்டரை மாற்றிச் சொல்லி அதே தேதிக்குச் சரக்குக் கேட்கிற மொத்த வியாபாரி. கீழே வரவர அந்த அழுத்தம் சத்தமாக மாறுகிறது. கடைசியில் நிற்கிற தையல்காரப் பெண்ணுக்கு அதை இறக்கிவைக்க வீட்டில் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.

2023-இல் ஒரு தனியார் வங்கி அதிகாரி, இணையவழிக் கூட்டத்தில் ஊழியர்களை ஏசிய காணொளி நாடு முழுவதும் பரவியது. அவரை இடைநீக்கம் செய்தார்கள். எல்லோரும் அந்த ஒரு மனிதரைத் திட்டித் தீர்த்தார்கள். அவருக்கு அந்த இலக்கை யார் கொடுத்தது, எட்டாவிட்டால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விகள் காணொளியோடு மறந்துபோயின.

ஆகவே, மாற்றம் மேலேயிருந்து தொடங்காவிட்டால் நிற்காது. இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலைபார்த்த இளம் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சூப்பர்வைசர். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. ஆலை நிர்வாகத்தோடு, அங்கிருந்து ஆடை வாங்கும் எச்&எம், கேப், பி.வி.ஹெச். ஆகிய பெரிய நிறுவனங்களும் ஒப்பந்தத்துக்குள் வந்தன.

அதன்படி தொழிலாளர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, ஒவ்வொரு பிரிவிலும் கவனிக்கவும் புகாரை எடுத்துச் சொல்லவும் வைத்தார்கள். நிர்வாகத்தினருக்கும் சூப்பர்வைசர்களுக்கும் பயிற்சி நடந்தது. பாலின, சாதிப் பாகுபாடும் அதற்குள் வந்தது. ஆலை சொன்னபடி நடக்காவிட்டால் வாங்கும் நிறுவனங்கள் வியாபார ரீதியில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் முக்கியமானது. சூப்பர்வைசரின் பேச்சு இங்கே முதல் முறையாக ஆர்டரோடு கட்டப்பட்டது. ஓர் உயிர் போன பிறகுதான் அது நடந்தது.

ஓட்டப்பிடாரத்தில் என்ன செய்யலாம்?

முதல் வேலை சூப்பர்வைசர் பயிற்சி. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் பிள்ளைகளுக்கு வேலைத்திறன் கற்றுத்தருகிறோம். ஐ.டி.ஐ.களில் மெஷின் கற்றுத்தருகிறோம். ஆள் நடத்தும் திறனுக்கு ஒரு வகுப்பு கிடையாது. தூத்துக்குடி மாவட்டத் தொழில் மையமும் கோவில்பட்டி தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கங்களும் புதியம்புத்தூர் ஆடைத் தொழில்காரர்களும் சேர்ந்தால், சீசன் இல்லாத மாதத்தில் இரண்டு நாள் வகுப்பு நடத்துவது பெரிய காரியம் இல்லை. அந்த இரண்டு நாளுக்கும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் கூப்பிட்டு உட்காரவைத்து அன்பைப் பற்றி வகுப்பெடுத்தால் அதுவே ஒரு வசவாகிவிடும்.

வகுப்பில் பொன்மொழிகள் வேண்டாம். தமிழில், இந்த ஊர்ப் பேச்சில், சொல்லிப் பழக வாக்கியங்கள் கொடுக்க வேண்டும். ‘தாயி, தோள் பக்கம் தையல் நேரா வந்திருக்கு. கழுத்துலதான் இழுக்குது. துணிய இழுக்காம விட்டுத் தச்சுப் பாருங்க. பத்துப் பீஸ் கழிச்சு வந்து பாக்குறேன்.’ இதில் சரியாக வந்தது எது, வராதது எது, என்ன செய்ய வேண்டும், மறுபடி எப்போது பார்ப்பார் என்ற நான்கும் இருக்கின்றன. சொல்லி முடிக்கக் கால் நிமிடம் ஆகாது. பத்துப் பீஸ் கழித்து அவர் உண்மையிலேயே வர வேண்டும் என்பதுதான் கடினமான பகுதி.

காலமும் முக்கியம். கரிசலில் ஈரம் இருக்கும்போதே விதைக்க வேண்டும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. திங்கள்கிழமை நடந்த தப்பைச் சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது சொல்லிக்காட்டுவதால் எதுவும் முளைக்காது. பிழையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நல்ல வேலையை நாலு பேர் கேட்கச் சொல்லலாம். ஆனால், அதிலும் கவனம் வேண்டும்: ‘அவளப் பாரு, எப்படித் தைக்கா!’ என்று ஒருத்தியைத் தூக்கி மற்றவர்களை இறக்குகிற பாராட்டு, அந்த வரிசையில் பகையைத்தான் வளர்க்கும்.

கண்டிப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. மருந்து அறைக்குள் செல்போனோடு போகிறவரைத் தாயி, தம்பி என்று கொஞ்சிக்கொண்டிருக்க முடியாது. அங்கே உரத்த குரலில் நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்திய பிறகு, வெளியே கூப்பிட்டு, ஏன் கூடாது என்று விளக்கவும் வேண்டும். முதல் பாதியை நாம் நன்றாகவே செய்கிறோம்.

வயதுக்கு மூத்தவர்களை ‘நீங்க’ என்று அழைப்பதை எழுதப்பட்ட விதியாகவே வைக்கலாம். அது மேலே இருப்பவருக்கு மட்டும் கிடைக்கிற மரியாதையாக இருக்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே அழைப்பு என்று வைத்துவிட்டால், தெருவைப் பார்த்து மரியாதையை அளக்கிற பழக்கம் ஷெட் வாசலிலேயே கொஞ்சம் தடைபடும். பைசா செலவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைதீர்ப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. தொழிலாளர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் அதில் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும்; பெண்களுக்கு உரிய இடம் வேண்டும். அந்தச் சட்டத்தின் மற்ற பகுதிகள் பற்றித் தொழிற்சங்கங்களுக்குக் கடுமையான எதிர்ப்பு உண்டு. அது தனி விவாதம். இந்தக் குழு காகிதத்தில் மட்டும் இருக்காமல், பேச்சு பற்றிய புகாரையும் எடுத்துக்கொள்ளும்படி பார்த்துக்கொள்வது தொழிலாளர் துறையின் வேலை. ஆய்வுக்கு வருகிற அதிகாரி பதிவேட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், நிர்வாகத்தார் இல்லாத இடத்தில் நான்கு பெண்களிடம் பேசிவிட்டுப் போகலாம்.

இருபது பேருக்குக் குறைவாக வேலைபார்க்கிற சின்னச் சின்ன யூனிட்டுகளும் இந்தப் பக்கத்தில் நிறைய. அங்கே குழு வராது. அவர்களுக்கு வேலை கொடுக்கிற பெரிய வியாபாரிகளும் உற்பத்தியாளர் சங்கங்களும்தான் வழி.

புதிய ஆலைகளுக்கு இன்னொரு பொறுப்பு கூடுதலாக இருக்கிறது. வெளிநாட்டுப் பொறியாளர், வெளிமாவட்ட மேனேஜர், உள்ளூர்ப் பையன் என்று மூன்று இடத்து மனிதர்கள் ஒரே வரிசையில் நிற்கும்போது, ஒருவர் சாதாரணமாகச் சொன்னது மற்றவருக்கு அவமதிப்பாகப் படும். தமிழில் பேசத் தெரிந்த, இந்த மண்ணின் மரியாதை தெரிந்த ஆட்களை நடுமட்டத்தில் வைக்க வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு வேலை என்று கேட்கிற நம் ஆட்கள், உள்ளூர்ப் பெண்களுக்குச் சூப்பர்வைசர் வேலை என்றும் கேட்க வேண்டும்.

கடைசியாக அரசுக்கு ஒரு கோரிக்கை. கடைகளில் நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. நாள் முழுக்க நிற்பதும் அதுவரை ‘வேலைன்னா அப்படித்தான்’ என்று சொல்லப்பட்டதுதான். சிப்காட்டில் நிலமும் சலுகையும் வாங்குகிற ஒவ்வொரு நிறுவனத்தோடும் போடுகிற ஒப்பந்தத்தில், சூப்பர்வைசர் பயிற்சியையும் செயல்படும் குறைதீர்ப்புக் குழுவையும் ஒரு நிபந்தனையாகச் சேருங்கள். தூத்துக்குடி மாவட்டத்திலிருந்தே தொடங்குங்கள்.